அசையாத முள்

போலோன்யா, வியாழன் மதியம்

மரியாதைக்குரிய அம்மாவுக்கு அக்ஸீனியா எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? படி ஏறுகிறீர்களா? நான் நலம்தான்.

எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளியின் மாப்பிள்ளை ஃபப்ரீட்சியோவின் கதையைக் கேளுங்கள், சிரிப்பீர்கள். அழுக்கே படாத கையை நாளுக்கு ஐந்து தடவை கழுவுகிறவன். போன வாரம் ஒரு பழைய கார் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்துப் பூட்டினோம். ஸ்டார்ட் செய்வதற்கு முன், ட்ரில்லால் ஆயில் பம்பைச் சுழற்றி, எண்ணெய் ஏறுகிறதா என்று பிரஷர் பார்த்தேன். கேஜ் முள் அசையவே இல்லை.

"கேஜ் போயிருக்கும். சாவியப் போடு. உங்க ஊரு டிராக்டர்னு நெனச்சியா?" என்றான்.

"எண்ணெய் ஏறாம ஓட்டினா பேரிங் போயிடும்னு எங்க ஊரு டிராக்டர்காரனுக்கே தெரியும். வேணும்னா நீங்களே போடுங்க."

போடவில்லை. அவன் வீரம் அவ்வளவுதான்.

கழற்றிப் பார்த்தேன். எண்ணெய் வெளியே வழியாமலிருக்க அதன் பாதை முனையில் அவன் மாட்டியிருக்க வேண்டிய சின்ன அடைப்பான், அவனுடைய காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை மாட்டியதும் முள் நாலுக்கு ஏறியது.

"நான்தான் கண்டுபிடிச்சேன், மாமா," என்றான் முதலாளியிடம். அவரும் தோளில் தட்டி, அடுத்த எஞ்சினை அவனிடமே ஒப்படைத்தார்.

இன்று காலை பூனை மாதிரி வந்து, "அக்ஸீனியா, ட்ரில்ல எந்தப் பக்கமாச் சுத்தணும்?" என்று கேட்டான். தப்பாகச் சொல்ல நாக்கு துடித்தது. சரியாகத்தான் சொன்னேன். அந்த எஞ்சின் என்ன பாவம் செய்தது?

நம் ஊரிலிருந்து இங்கே வரும் பஸ் டிரைவரிடம் முட்டைக்கோஸ் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். சின்னச் சாடி போதும். கூட உட்கார்ந்து சாப்பிட இங்கே ஆளில்லை. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்
அக்ஸீனியா