பின்பக்கத்தில் அம்மா போட்ட கோடு

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் பரவாயில்லை. இடுப்பு போனதற்கு உன் அம்மாவும், அவளுக்குத் தோட்டப் படங்களாக அனுப்பித் தள்ளிய நீயும்தான் பொறுப்பு. பூவும் கீரையும் கலந்தடித்து வளர்ந்து நடுவில் ஒரு பாதை வளைந்து வளைந்து போகிற மாதிரி அனுப்பினாயே, அதைப் பார்த்து எனக்கும் ஆசைதான். சரி, வீட்டுப் பின்பக்கத்தில் தோட்டம் போடுவது இரண்டு நாள் வேலை என்று நினைத்து மண்வெட்டியை எடுத்தேன். இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது.

சட்டைக்கு அளவெடுக்கிற நாடாவால் தோட்டத்துக்கு அளவெடுக்கிறவளை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? செய்தித்தாளைப் பாத்திகளின் அளவுக்கு வெட்டித் தரையில் விரித்து, பறக்காமலிருக்கக் கல் வைத்து, சுற்றிலும் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாள். பாதை வளையக் கூடாதாம், பின்வாசற்படியிலிருந்து நேராகப் போய் ஒரே இடத்தில் திரும்ப வேண்டுமாம். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு எங்கே திரும்புவது என்று சொல்லித் தருகிறாள். நான் போட்ட செங்கல்லை மூன்று தடவை பெயர்க்க வைத்தாள். ஓரத்துச் செங்கல் காலில் தட்டுகிற மாதிரி உயரமாக நிற்க வேண்டும், திருப்பத்துக்கு முன்னால் மட்டும் ஜல்லி கொட்ட வேண்டும். நான் தேடி வாங்கி வந்த சிவப்பு ரோஜாவைச் சுவரோரமாக ஒதுக்கிவிட்டு, குழாயடியில் புதினா, திருப்பத்தில் மல்லிகை, பெஞ்சுக்குப் பக்கத்தில் கற்பூரவல்லி என்று வாசனையுள்ளதாகவே நட்டாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு நிறம் வேண்டாமா என்று கேட்டால் அடுத்த நாற்றை எடுத்து என் கையில் திணிக்கிறாள். பிடிவாதம் பிடிக்கிறாள் என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை கோடு பிடிக்க நூல் தேடி அவளுடைய தையல் மிஷின் டிராயரைத் திறந்தேன். உள்ளே கண்ணுக்கு விடுகிற சொட்டுமருந்தும் மடித்து வைத்த டாக்டர் சீட்டும் இருந்தன. சீட்டில் ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. கண் அழுத்த நோயாம், பக்கவாட்டுப் பார்வை குறைந்துகொண்டே வருகிறதாம். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டதும், முதுகுவலி என்று சொல்லித் தையல் வேலையை நிறுத்தியதும் எதற்கென்று அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. சீட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் நின்றேன். கத்தப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாற்றைச் சுற்றி மண்ணை அமுக்கிக்கொண்டே சொன்னாள்:

"உங்ககிட்ட சொன்னா அன்னையிலிருந்து என் கையை விடமாட்டீங்க. எனக்கு ஒரு இடத்துலயாவது தனியா நடக்கணும்."

அதோடு நிறுத்தினாளா? சிட்டுவுக்கு முதலிலிருந்தே தெரியும் என்றாள். நல்லா இருக்கும்மா உங்கள் நியாயம். வாரா வாரம் போனில் என்னிடம் இடுப்புவலியைப் பற்றி அவ்வளவு கேட்டாயே, இதைச் சொல்ல வாய் வரவில்லையா உனக்கு? அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள் என்பாய். நான் யார் இந்த வீட்டில், மண் சுமக்க வந்தவனா? மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருந்தேனே தவிர, செங்கல் அடுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

நாலாம் நாள் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு நானே நடந்து பார்த்தேன். ஜல்லி காலில் பட்டதும் திரும்பினேன், நேராகப் போய்த் துணி காயப்போடுகிற கொடிக்கம்பத்தில் நெற்றியை மோதிக்கொண்டேன். நல்ல வீக்கம். உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம்தான் எண்ணெய் எடுக்க உள்ளே ஓடினாள். அவள் போட்ட கணக்கில் அந்தக் கம்பம் ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. அன்று சாயங்காலமே பிடுங்கிச் சுவர்ப்பக்கம் நட்டுவிட்டேன். நேற்று டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். போனது திரும்பாது, மருந்தை ஒழுங்காக விட்டால் இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். ஒழுங்காக என்பதை அவளைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார், எனக்குத் திருப்தி.

இதை எழுதும்போது அவள் தோட்டத்தில் தனியாக நடந்துகொண்டிருக்கிறாள். மல்லிகைக்கிட்ட போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்புகிறாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து ஓடாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்கு எப்படிச் சொல்வேன்.

நீ நீண்ட ஆயுசோடு குறையில்லாமல் இருக்க வேண்டும், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் உன் கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடு, இது வழிவழியாக வரக்கூடியதாம். என்ன சொன்னார்கள் என்று எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், அம்மாவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

கோபம் இன்னும் முழுசாகத் தீராத,
உன் அப்பா