இஸ்திரி போட்ட கப்பல் படம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், தையல் கடையைத் திறக்கிறேன், சட்டை வெட்டுகிறேன், முழங்கால் வலி அதன் பாட்டுக்கு இருக்கிறது. உன் அம்மா போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைக்கமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருக்கிறது. விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள், நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், எனக்கு வாய் அடைத்துப்போகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி அம்மாவின் படங்களை விற்க ஏற்பாடு செய்தேன். போட்டோ வராத காலத்துச் செய்தித்தாள்களில், மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள். இந்தக் கிழிசலை வாங்கவா இரண்டு பஸ் மாறிப் போகிறாய் என்று நான் கேலி செய்வேன், உங்க வெட்டுத்துணிக்கு இது எவ்வளவோ தேவலை என்பாள். உன் பழைய அறையில் கட்டிலுக்கு அடியிலும் அலமாரி மேலும் எல்லாம் இவைதான். விற்றுவிட்டுக் கடையை மூடிவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று நீ ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய். எனக்கும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பழைய காகிதக் கடைக்காரர் வந்தார், அம்மா பூதக்கண்ணாடி என்று பேர் வைத்திருந்தாளே, அவர்தான். எல்லாம் பழசுதானே, மொத்தமா ஒரு விலை போடுங்களேன் என்றேன். கோட்டையும் கைக்குட்டையையும் ஒரே கூலிக்குத் தைக்கச் சொன்ன ஆளை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டி விளக்கினார். போர்க்களப் படங்களை ஒரு காலத்தில் அடித்துப் பிடித்து வாங்கினார்களாம், இன்றைக்குப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் கூலிகூடத் தேறாதாம். தெரு, பாலம் எல்லாம் ஏறிப்போச்சாம், புதிதாகத் திறக்கிற காபிக்கடைக்காரர்கள் சுவரில் மாட்டுகிறார்கள். மீசைக்காரப் பெரிய மனிதர்களைச் சொந்தப் பேரனே வாங்கமாட்டானாம். பத்திரிகைப் பெயரும் தேதியும் இருக்கிற ஓரத்தை வெட்டியிருந்தால் விலை பாதி. அதே பாலம் ஒரு மாதம் கோட்டு விலை போகும், எங்கேயோ ஒரு ஏலத்தில் கட்டுக்கட்டாக வந்து விழுந்தால் மறு மாதம் சட்டை விலைக்கு இறங்கிவிடும். எனக்குத் தலை சுற்றியது. அவர் மட்டும் உன் அம்மாவை நினைத்துச் சிரித்துக்கொண்டே, அக்கா பலே ஆளு மாஸ்டர், வேண்டாத படத்தையெல்லாம் புரட்டிப் புரட்டி விலை கேப்பாங்க, கிளம்புறப்போ செருப்பை மாட்டிக்கிட்டே, சரி இதையும் சேர்த்துக் கட்டுங்கன்னு ஒண்ணைக் காட்டுவாங்க, அதுக்காகத்தான் வந்திருப்பாங்க, நான் விலையை ஏத்தினா அவசரமில்ல, இருக்கட்டும்னு நடையைக் கட்டிருவாங்க, நான் தெருமுனை வரைக்கும் பின்னாடியே ஓடணும் என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, சிரிப்பு வரவில்லை.

எல்லாவற்றிலும் அதிக விலை சொன்னது அந்தக் கப்பல் படத்துக்கு. அம்மா கட்டிலில் படுத்தபடியே பார்ப்பாளே, புயலில் சாய்ந்த கப்பல், இரண்டு பக்கம் அகலம். அடுத்த வாரம் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். வேறொரு படத்தைப் பார்த்து, மடிப்பு விழுந்தா விலை விழுந்துச்சு என்று அவர் சொன்னது என் காதிலேயே இருந்தது. கப்பல் படத்தின் நடுவிலும் மேலிருந்து கீழாக மடிப்பு. மடிப்பு எடுக்க எனக்கா தெரியாது? பட்டுத்துணிக்குப் போடுவது போல மேலே ஈரத்துணி விரித்து, சூட்டைக் குறைத்து, நிதானமாகத்தான் இஸ்திரி போட்டேன். மடிப்பு சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே முடி அகலத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு நின்றது. தண்ணீர் தெளித்தேன், தேய்த்தேன், சூட்டை ஏற்றினேன், துணியை எடுத்துவிட்டே தேய்த்தேன். கோடு போகவில்லை, தீய்ந்த வாடைதான் வந்தது. கடலின் மேல் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது. வாடிக்கைக்காரர் சட்டையாக இருந்தால் பதறியிருப்பேன். நான் வயரைப் பிடுங்கிவிட்டுச் சும்மா நின்றேன்.

கடைக்காரர் வந்ததும், மடிப்பு எடுக்கப்போய் இப்படி ஆயிற்று என்று படத்தைக் காட்டினேன். ஐயோ மாஸ்டர், இந்தக் கோடு மடிப்பு இல்லையே, கட்டையோட மூட்டு என்றார். பெரிய படத்தை ஒரே ஆள் செதுக்கினால் அதற்குள் செய்தி ஆறிப்போகுமாம், அதனால் கட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்றாகச் செதுக்கி, மறுபடி சேர்த்து போல்ட் போட்டு முடுக்குவார்களாம். அந்த இடைவெளிதான் அச்சில் கோடாக விழும், இந்தப் பக்கத்து அலை ஒருத்தன் கை, அந்தப் பக்கத்து அலை வேறொருத்தன் கை, பாருங்க சேரவே இல்ல, அக்கா இதுக்காகத்தான் இதை வாங்கினாங்க, அது கட்டையிலயே இருக்கு, எந்தப் பெட்டி போட்டாலும் போகாது என்றார். ஆயுசு முழுக்கத் துணியை மூட்டினவன் நான், மூட்டைப் பிடித்து மடிப்பு என்று தேய்த்திருக்கிறேன். இனி இதை யாரும் வாங்கமாட்டார்கள் என்று சொல்லி அதைத் தனியே வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் எண்ணிக் கட்டி, பேசிய பணத்தையும் கொடுத்தார். அது குட்டிப்பயல் பேரில் இருக்கட்டும்.

வாசலில் ஒரு செருப்பை மாட்டியவர், இன்னொன்றைக் காலால் தேடிக்கொண்டே, சரி மாஸ்டர், அந்தத் தீஞ்ச படத்தையும் இதோட சேர்த்துக் கட்டிரட்டுமா, சும்மாதானே கிடக்கப்போகுது என்றார். எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். அவசரமில்ல, இருக்கட்டும் என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை பாப்பா, அம்மா சொல்கிற மாதிரியே வாயில் வந்தது. அவர் காலைத் தூக்கியபடியே நின்றார். பிறகு சிரித்தார், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. வெட்டுமேஜையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவர் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்தபோது கன்னம் எரிந்தது.

மறுநாள் மறுபடி பழையபடிதான், எதுவும் உறைக்கவில்லை. ஆனாலும் படத்தைத் தையல் மெஷினுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். அந்தப் பழுப்பு என்ன என்று பேன்ட் தைக்கக் கொடுத்தவர் கேட்டார், மூன்றாவது ஆள் கை என்றேன்.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். குட்டிப்பயல் கைக்கு எட்டுகிற இடத்தில் இஸ்திரிப் பெட்டியை வைக்காதே. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. டிக்கெட்டுக்குத் தேதி கேட்டிருந்தாய். அவசரமில்லை, இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா