கரித்தொட்டி கழுவும் நாளின் தண்ணீர்

அனுப்புநர்:
குடிநீர் இணைப்பு எண் 2217-இன் உரிமையாளர்,
எடை அளவு சரிபார்ப்பு அலுவலக உதவியாளர் (ஓய்வு),
நீரேற்று நிலையப் பின்தெரு, தையல்கடை மாடி.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
குடிநீர் சுத்திகரிப்பு நிலையம்.

பொருள்: கரித்தொட்டி கழுவப்படும் நேரத்தில் பெராக்சைடு நீங்காத நீர் குழாயில் வருவது – வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் மனைவிக்காக முன்னறிவிப்பு வேண்டுவது – தொடர்பாக.

பார்வை:
1. நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவார் அளித்த மனு (எழுதியவன் நானே).
2. சென்ற மாதம் நான் அளித்து, 'முழுமையற்றது' என்ற முத்திரையுடன் திரும்பி வந்த புகார்ப் படிவம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனு சற்று நீளமாக இருப்பதற்கு முதலிலேயே மன்னிப்புக் கோருகிறேன். இருமுறை சுருக்கிப் பார்த்தேன். சுருக்கினால் நானே நம்பாதபடி இருந்தது.

1. ஆலைக் கழிவிலிருந்து கசிந்த கரைப்பான், நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாத அளவில் நம் ஆழ்குழாய் நீரில் கலந்திருப்பது தெரிந்தபோது, அதை நீக்க வழி செய்யுமாறு தெருவார் சார்பில் எழுதியவன் நான். அதன் பிறகே தாங்கள் நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, புற ஊதா விளக்குகளின் ஊடே செலுத்தி, அந்தக் கரைப்பானைச் சிதைக்கும் ஏற்பாட்டைச் செய்தீர்கள். அதற்கு இன்றும் நன்றியுடையேன். விளக்கக் கூட்டத்தில், 'மிஞ்சும் பெராக்சைடு, அடுத்துள்ள கரித்தொட்டியின் கரியில் நீங்கிவிடும்' என்று தாங்கள் சொன்னதைக் குறிப்பேட்டில் பதிந்தவனும் நான்தான். அப்போது என் மனைவியின் சிறுநீரகங்கள் நன்றாக இருந்தன. அந்த வரியை எழுதினேனே தவிர, யோசிக்கவில்லை.

2. என் மனைவி இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே, வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். மருத்துவமனையில் ஆறு வாரம் பயிற்சி பெற்று, ஊசி பொருத்துவது முதல் இயந்திரத்தைக் கழுவுவது வரை நானே செய்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நூற்றிருபது லிட்டர் நீர் அவள் ரத்தத்தின் பக்கத்தில் ஓடுகிறது. நாம் குடிக்கும் இரண்டு லிட்டருக்கு வயிறு காவல் இருக்கிறது. இந்த நீருக்கும் அவள் ரத்தத்துக்கும் இடையில் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே.

3. கடந்த மூன்று மாதங்களில் அவளுடைய ரத்த அளவு (ஹீமோகுளோபின்) பதினொன்றிலிருந்து எட்டுக்கு இறங்கியது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், "ரத்தம் எங்கயும் சிந்தலை, வயித்துலயும் கசியலை. அப்புறம் எங்கதான் போகுது தாத்தா?" என்று என்னையே கேட்டார். என் கைப்பழக்கத்தில்தான் தவறு என்று எண்ணி, பயிற்சிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் படித்தேன். தவறு கிடைக்கவில்லை, ஆனால் சந்தேகமும் போகவில்லை.

4. பின்னர் என் குறிப்பேட்டை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மூச்சிரைப்பும் முதுகுவலியும் செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே பதிவாகியிருந்தன. இங்கே என் பெரும் பிழையைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் நீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதனைத் துண்டால் பார்ப்பேன். மற்ற நாட்களில், இயந்திரத்துக்கு நீர் தரும் எங்கள் வீட்டு வடிகட்டிக்கு முன்னால் சிறிது குளோரின் காட்டும்; பின்னால் காட்டாது. செவ்வாயன்று மட்டும் குழாயிலேயே பூஜ்யம். 'இன்று தண்ணீர் மிகவும் சுத்தம்' என்று மகிழ்ந்து, அதற்கு நேராக நட்சத்திரக்குறியும் இட்டிருக்கிறேன். பெராக்சைடும் குளோரினும் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பது பள்ளியில் படித்ததுதான். குளோரினை அழித்து மிஞ்சிய பெராக்சைடு அந்த மெல்லிய சவ்வைக் கடந்தால் ரத்த அணுக்களை உடைக்கும். அந்த நட்சத்திரங்களை இப்போது பார்க்க முடியவில்லை.

5. பெராக்சைடு காட்டும் துண்டுகளை வாங்கினேன். அளவுக்கேற்ப அவை நீலமாகும். கண்புரை அறுவை செய்துகொண்டவன் என்பதால் என் கண்ணை நான் நம்பவில்லை. கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர் துணியின் நிறத்துக்கு நூல் பொருத்துவதில் கைதேர்ந்தவர். எந்த நாளின் நீர் என்று சொல்லாமல் ஒன்பது துண்டுகளை அவரிடம் கொடுத்து, நிற அட்டையுடன் பொருத்தச் சொன்னேன். ஆறு வெள்ளை. மூன்று, லிட்டருக்கு இரண்டு முதல் ஐந்து மில்லிகிராம். "இது நீலம்னு சொல்றதுக்கு ஒரு ஆளா சார்? ஊசியில நூல் கோக்கத் தெரியாதவனுக்கும் தெரியுமே" என்றார். மூன்றும் செவ்வாய்க்கிழமை நீர். எங்கள் வடிகட்டியைக் கடந்த பின் எடுத்தவை.

6. நிலைய வாயிலில் விசாரித்தபோது ஊழியர் ஒருவர், "மூணு மாசமா செவ்வாய் காலையில கரித்தொட்டியைக் கழுவுறோம் சார். அந்த நாலு மணி நேரம் தண்ணியத் தொட்டியில விடாம, பக்கக் குழாய் வழியா நேரா ஊருக்கு விட்டுடுவோம். குடிச்சா ஒண்ணும் பண்ணாது" என்றார். குடிப்பவர்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியே என்று நம்புகிறேன். உண்மையைச் சொன்னதற்காக அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று மன்றாடுகிறேன். புகார்ப் படிவத்தில் நாற்றம், நிறம், அழுத்தக் குறைவு, நீர் வரவில்லை என நான்கு கட்டங்கள் இருந்தன. எதிலும் பொய்யாகக் குறியிட மனம் வராததால் அது திரும்பி வந்தது.

7. நாளை மாற்றிக்கொண்டால் போதாதா என்று தாங்கள் கேட்கலாம். மாற்றினேன். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்தோம். இந்த வாரம் செவ்வாய் பொதுவிடுமுறை. நேற்று புதன்கிழமை காலையில் துண்டு நீலமானது. கழுவும் வேலையும் ஒரு நாள் தள்ளிப்போயிருக்க வேண்டும். அவளை இணைக்கவில்லை. கால் வீங்கி, படுக்க முடியாமல் நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாள். மருத்துவமனையில் இடம் இல்லை என்றார்கள். இன்று துண்டு வெள்ளையாக இருந்ததால் இணைத்திருக்கிறேன். ஆனால் துண்டு அந்த நொடியின் நீரை மட்டுமே சொல்கிறது. இணைத்த பிறகு பக்கக் குழாயின் வால்வு திறக்கப்பட்டால் அது எனக்குத் தெரியாது. கால் மணிக்கு ஒருமுறை எழுந்துபோய்ச் சோதித்துவிட்டு வந்தே இதை எழுதுகிறேன். நடுவே கையெழுத்து மாறியிருப்பதற்குக் காரணம் அதுவே.

8. சுத்திகரிப்பை நிறுத்துமாறு நான் கேட்கவில்லை. கேட்கவும் என் மனைவி விடமாட்டாள். "என் ஒருத்திக்காக அதை நிறுத்தச் சொல்லி எழுதினீங்க, நானே வந்து கிழிச்சுப் போட்டுடுவேன். பேத்தி அந்தப் பழைய தண்ணியக் குடிக்கணுமா?" என்று இயந்திரத்தின் அருகிலிருந்தே சொல்கிறாள்.

9. எனவே நான் கோருவன: வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் இன்னும் யார் யார் என்று மருத்துவமனையிடம் பட்டியல் கேட்டுப் பெற வேண்டும். கழுவும் நேரத்தில் குழாய் நீரில் குளோரின் இல்லாமற்போவது மற்றவர்களுக்கும் நல்லதா என்று தாங்களே ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். என் வேதியியல் பழையது, தவறாயிருந்தால் பொறுத்தருள்க.

மூன்றாவதுதான் என் அவசரத் தேவை. பக்கக் குழாயின் வால்வைத் திறக்கும் முன் எங்கள் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எந்த நாளானாலும், எந்தக் காரணத்துக்கானாலும். விளக்கம் எதுவும் வேண்டாம். 'திறக்கிறோம்' என்ற ஒரு சொல் போதும். அவளைப் பாதுகாப்பாக இயந்திரத்திலிருந்து பிரிக்க எனக்குப் பதினொரு நிமிடம் ஆகிறது. கடிகாரம் வைத்து நான்கு முறை பார்த்துவிட்டேன். எனவே பதினைந்து நிமிடம் முன்னதாக அழைக்க ஆணையிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். மீதி நான்கு நிமிடம், நான் தொலைபேசியை வைத்துவிட்டு, கை கழுவி, அவளிடம் வருவதற்கு.

நாள்: இம்மாதம் 14, வியாழன், முற்பகல் 11.40
இடம்: வீடு

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
இணைப்பு எண் 2217

இணைப்பு: சோதனைத் துண்டுகள் ஒன்பது, நாள் குறித்த உறைகளில், தையல்காரரின் கையொப்பத்துடன் நிற அளவுப் பட்டியல், எங்கள் தொலைபேசி எண், பெரிய எழுத்தில், சுவரில் ஒட்டுவதற்கு ஏற்ற அட்டையில்.