நாள் நீளும் கப்பல்

லோர்னா கண்ணே,

பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு வெண்டல் மனைவியை இழந்தவன், நீ அவன் வீட்டுக்குப் போய்வருவதில் எனக்கொன்றும் இல்லை. ஆனால் நான் சுட்ட எலுமிச்சைக் கேக்கை அவனுக்குக் கொண்டுபோகாதே.

வசந்தத்தில் நம் புளோரிடாவை விட்டு ஐரோப்பாவுக்கு இடம் மாறும் உல்லாசக் கப்பல்களை அவனோடு உட்கார்ந்து தேடுகிறாய். "ஒருவழிதான், கொள்ளை மலிவு! உனக்குத்தான் குளியல் தொட்டியிலயே குமட்டுமே" என்று சிரித்தாய். "கவலைய விடுப்பா, உன் பொண்டாட்டிய நான் பத்திரமா பாத்துக்கிறேன்" என்றானே அவன், அந்தப் பல்லிளிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நானும் தேடினேன். கிழக்கே போகும்போது வழியெல்லாம் கடிகாரத்தை முன்னே தள்ளுவார்களாம், நாள் சுருங்கும். இலையுதிர்காலத்தில் அதே கப்பல் மேற்கே திரும்பும்போது பின்னே தள்ளுவார்களாம், நாள் நீளும்.

சுருங்கும் நாளில் அவன் தனியாகப் போகட்டும். நாம் பார்சிலோனாவுக்குப் பறந்து, நாள் நீளும் கப்பலில் வீடு திரும்புவோம். அதில் அறைக்கும் முன்பதிவு செய்துவிட்டேன். கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நான் வாந்தியெடுப்பேன். தலையைப் பிடித்துக்கொள்ள நீ இருந்தால் போதும்.

இப்போதே குமட்டும்,
உன் வீட்டுக்காரன்