சிவப்பு மையில் வட்டமிட்ட பெயர்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
11.07.1993

அன்பின் மாஸ்ரருக்கு,

பெர்னடெட் எழுதுவது. நானும் மகள் ராணியும் உயிரோடு இருக்கிறோம். அந்தத் தூரதேசத்தில் உங்களுக்கு ஒரு குறையும் வராமல் காக்கச் சொல்லி, உங்கள் பெயர்கொண்ட புனித யாகப்பரை மன்றாடிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று லுசாக்காவில் உங்கள் பத்திரிகைக்காரப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்களைப் போல நான் கெட்டிக்காரி இல்லை. என்றாலும் சொல்கிறேன். என் தம்பி கனிசியஸைக் கொண்டுபோய் இன்றைக்குப் பத்தொன்பது நாள். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லித்தான் கொண்டுபோனார்கள். யார் என்று எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

காரணம் நீங்கள். நானுந்தான்.

தை மாதம் நான் எழுதிய கடிதம் நினைவிருக்கும். கடலேரியில் சனத்தை அக்கரைக்கு ஏற்றிப்போன படகு கவிழ்ந்து ஒன்பது பேர் செத்ததை எழுதியிருந்தேன். அந்தப் படகு கனிசியஸின் படகுக்குப் பின்னால் வந்தது. பத்துப் பேர் போகிற படகில் இருபத்திரண்டு பேரை ஏற்றச் சொல்லிக் கட்டளை போட்டார்கள், மாட்டேன் என்ற ஓட்டிக்கு அடி விழுந்தது, பிறகு ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது என்றார்கள். கனிசியஸ் என் குசினியில் குந்தியிருந்து இதையெல்லாம் சொல்லி அழுதான். அவன் தூக்கிய ஒரு மனுசி, பயணத்துக்குக் கிடைத்த பாஸ் துண்டை நனையவிடாமல் பல்லால் கடித்தபடியே செத்துக் கிடந்தாளாம். அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை. யாரிடம் கொட்டுவது? புருஷனிடம் கொட்டினேன்.

நீங்கள் அதை வகுப்புக்குக் கொண்டுபோனீர்கள். இங்கிலீசில் மாற்றி, இதை வைத்து ஒரு செய்தி எழுதுங்கள் என்று பயிற்சி கொடுத்தீர்கள். உங்கள் கெட்டிக்கார மாணவன் எழுதியதை அவனுடைய பத்திரிகையே போட்டுவிட்டது. ‘உன்ரை கடிதம் உலகம் சுத்துது பெர்னா, பத்திரிகைத் துண்டு இத்துடன்’ என்று எழுதியிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால், வாசித்தபோது ஒரு நிமிஷம் எனக்கும் பெருமையாய்த்தான் இருந்தது. விசரி! பிறகுதான் பார்த்தேன், உறை கிழிந்திருந்தது, உள்ளே துண்டு இல்லை. கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்த அருளம்பலத்தார், ‘இக்கரையிலை பையைக் கொட்டிப் பாத்தவங்கள் பிள்ளை, நான் என்ன செய்ய?’ என்று தலையைச் சொறிந்தார். அந்த மனுசனில் பிழை இல்லை.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். இருக்கக் கதிரை தந்தார்கள். மேசையில் அந்தத் துண்டு. ‘நீங்கள் இங்கிலீசு வாசிப்பியளாமே அக்கா, வாசிச்சுத் தமிழிலை சொல்லுங்கோ’ என்று ஒருவன் மரியாதையாகத்தான் கேட்டான். கலியாணத்துக்கு முந்தி நீங்கள் எனக்குப் படிப்பித்த இங்கிலீசு அங்கேதான் முதன்முதல் தேவைப்பட்டது. என் கடிதத்தை நானே திரும்பத் தமிழில் சொன்னேன். கட்டளை என்று வந்த இடத்தில் காற்று என்றேன். கனிசியஸின் பெயர் வந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஐயோ மாஸ்ரர், அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஓரத்தில் உங்கள் வடிவான கையெழுத்து. அவன் அதில் விரலை வைத்து, ‘உதிலை மாஸ்ரர் என்ன எழுதியிருக்கிறார்?’ என்று கேட்டான். அவனுக்கும் இங்கிலீசு தெரியும் என்பது அவன் சிரித்த சிரிப்பில் விளங்கியது. ‘செய்தி சொன்னவரின் பெயரைக் குறிப்பிட்டது மிக நன்று.’ வாசித்தேன். வேறு என்ன செய்வேன்?

எங்கள் கலியாண அழைப்பிதழில் இருந்த இங்கிலீசுப் பிழையைச் சிவப்புப் பேனையால் திருத்தி அச்சகத்துக்கே திருப்பி அனுப்பிய மனுசன் நீங்கள். அன்றைக்குக் குருநகரே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தக் கோதாரிப் பேனையை அன்றைக்கே கடலில் எறிந்திருக்க வேண்டும்.

அன்று பின்னேரமே, கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவனைக் கொண்டுபோனார்கள். போகும்போது பெண்சாதி மார்கிரட்டிடம், ‘அக்காவோடை கோவிக்காதை’ என்று சொல்லிவிட்டுப் போனானாம். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். என்னோடு ஒரு சொல் கோபமாய்க் கதைக்கவில்லை. ஏசினாள் என்றால் எனக்கு நல்லாயிருக்கும்.

ராணிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. மாமா எங்கே என்று கேட்டால் தொழிலுக்குப் போய்விட்டார் என்கிறேன். பதுங்குகிற பங்கர் நிறைய ஊற்றுத் தண்ணீர், செல் குண்டு அடித்தால் கட்டிலுக்குக் கீழேதான். பெருநாளுக்குக் கோயிலுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். ஆண்டுதோறும் கொடிமரம் தூக்குகிறவன் இந்த முறை இல்லை.

சுவாமியார் இரண்டு தரம் போய்ப் பார்த்தார். தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தரம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்களாம். மாஸ்ரர் தானே இட்டுக்கட்டி எழுதிய கதை என்றால், அதை அவரே எழுதித் தரட்டும், பார்க்கலாம் என்று. இதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே வழி.

ஆகவே எழுதுங்கள். தமிழில், உங்கள் கையால், நீல மையில். வகுப்புக்காக நானே கற்பனை செய்து எழுதியது, கனிசியஸ் எனக்கு எதுவும் சொன்னதில்லை, என் மனைவியும் எழுதியதில்லை என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். இருபது வருஷம் உண்மையைப் படிப்பித்தவனைப் பொய் எழுதச் சொல்கிறாளே என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் மாணவனையும் ஏசாதீர்கள். படிப்பித்ததை ஒழுங்காகச் செய்த பிள்ளை அவன். மத்தியானத்தில் அந்த ஊர் வாத்திமாருக்குப் பயிற்சி கொடுக்கிறீர்களே, அவர்களுக்கு மட்டும் சொல்லி வையுங்கள், வீட்டுக் கடிதம் பாடப்புத்தகம் இல்லை என்று.

இங்கே தந்தியும் இல்லை, ரெலிபோனும் இல்லை. கண் ஒப்பரேசனுக்குக் கொழும்பு போகிற ஞானாம்பிகை ரீச்சரின் தலையணைக்குள் வைத்து இதைத் தைத்து விடுகிறேன். அவ போய்ச் சேர ஒரு கிழமை, அங்கிருந்து உங்களிடம் வர மூன்று கிழமை, உங்கள் பதில் வர அதே அளவு. விரல் மடித்து எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். வாசித்தவுடன் இதை எரித்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முதல் வரியில் எழுத எனக்குக் கை வரவில்லை. மார்கிரட் ஒவ்வொரு நாளும் மத்தியானம் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போவாள், வாசலில் வாங்கி வைப்பார்கள். நேற்று வாங்கவில்லை. ‘இனிக் கொண்டுவரத் தேவையில்லை’ என்று வாசலில் நின்றவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னானாம். ‘வேறை இடத்துக்கு மாத்தியிருப்பினம் மச்சாள், அங்கை சாப்பாடு குடுப்பினம்’ என்கிறாள். ஓம், அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். அந்தச் சோற்றைப் பிரித்து ராணிக்குத் தீத்தினோம்.

இன்றைக்கும் அவள் விடிய எழும்பி உலை வைத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை.

எப்படியும் எழுதுங்கள், மாஸ்ரர். கிடைத்த அன்றைக்கே எழுதுங்கள். அந்த வாசலுக்குக் கொண்டுபோக அவள் கையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள்,
பெர்னடெட்