ஜெனிக்கு நான் தைத்துக் கொடுத்த பிரா

என் லில்லி அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் ஜெனி இதை உன்னிடம் கேட்டிருப்பாளா? அல்லது அப்போதும் கூச்சப்பட்டு, பிள்ளை பெறாத இந்தச் சித்தியிடம்தான் வந்திருப்பாளா? 

முதலில் நல்ல செய்தி. உன் பேரன் நன்றாக இருக்கிறான். உன் மூக்கு. நான் இப்படியெல்லாம் சாயல் பார்த்துச் சொல்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அது உன் மூக்குதான். நாளை சர்ச்சில் அவனுக்கு ஞானஸ்நானம்.

தலைப்பிரசவத்துக்கு வந்து இருக்க அம்மா வீடு இல்லாததால், ஜெனி பாரிவாக்கத்தில் தன் ஃபிளாட்டிலேயே இருக்கிறாள். துணைக்கு மாமியார் மார்த்தா அம்மா. முதல் சில வாரங்கள் பிள்ளை மார்பைப் பிடிக்கவே இல்லை, புட்டியில்தான் குடித்தான். ஜெனி அழுதுகொண்டே இருந்தாள். இப்போதுதான் ஒருவழியாக அவளிடமே குடிக்கப் பழகியிருக்கிறான்.

இன்று காலை ஃபோன் செய்தாள். பால் கொடுப்பதற்கென்று ஆன்லைனில் வாங்கிய பிரா இறுக்கமாக இருக்கிறதாம். மாற்றி வருவது திங்கட்கிழமைதான். வீட்டில் நைட்டியோடு சமாளித்துவிடுகிறாள். சர்ச்சுக்குப் பட்டுப்புடவை. ரவிக்கைக்கு முன்பக்கம்தான் ஹூக் என்பதால் அதில் தொல்லை இல்லை. உள்ளே போடும் சாதாரண பிராவை அத்தனை பேர் நடுவில் என்ன செய்வது?

"ஒரு நாள்தானே, புட்டி எடுத்துட்டுப் போலாம்னு அத்தை சொல்றாங்க. திரும்பப் புட்டிக்குப் பழகிட்டா அவன் என்கிட்ட வரவே மாட்டான் சித்தி. ஏதாவது பண்ணு."

என் தையல் அறிவு பொத்தானோடு முடிகிறது. ஆனாலும் போனேன்.

அவளுடைய பழைய பிரா ஒன்றை எடுத்தேன். கப்பின் உச்சியில் பட்டை சேரும் இடத்தை வெட்டினேன். பட்டை நுனியில் ரவிக்கை ஹூக், கப்பில் நூலால் ஒரு வளையம். ஹூக் பிள்ளையின் கன்னத்தைக் கீறக் கூடாதென்று அடியில் துணித்துண்டு வைத்துத் தைத்தேன். தலையணைக்கு மாட்டிச் சோதித்தேன். ஹூக்கைக் கழற்றியதும் கப் பணிவாகக் கீழே விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜெனி போட்டுக்கொண்டு ஹூக்கைக் கழற்றினாள். கப் விழுந்தது. பட்டையைக் காணோம்.

"இன்னா சம்மந்தி!" என்றார் மார்த்தா அம்மா. "இது பாட்டுக்கு தோளத் தாண்டி முதுகுல போயி குந்திகினு கீது! ஒரு கையில புள்ள, இன்னொரு கையால இத்தத் தேடினு கெடக்கணுமா? காலேஜ்ல இத்தான் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

வேலப்பன்சாவடியில் நான் இயற்பியல் நடத்துகிறேன், அக்கா. இழுத்துக் கட்டிய எலாஸ்டிக்கை விட்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று வருடாவருடம் பாடம் எடுக்கிறேன். ஆனால் தலையணைக்குத் தோள் கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஜெனி சிரித்தாள். முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, மூச்சு வாங்கச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பட்டை ஓடாமல் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். ஒரு பாவாடை நாடாவைத் துண்டாக்கி, ஒரு முனையைப் பட்டை நுனியிலும் மறுமுனையை அக்குளுக்குக் கீழே அடிப்பட்டையிலும் தைத்தேன். இப்போது ஹூக்கைக் கழற்றினால் கப் மட்டும் இறங்குகிறது, பட்டை தோளிலேயே நிற்கிறது. புது நாடா உறுத்தும் என்று மார்த்தா அம்மா தன் பழைய பாவாடையிலிருந்து உருவிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் கீது. இருந்தாலும் புட்டி என் பையில இருக்கட்டும்" என்றார்.

"அத்தை!"

"சும்மா இருக்கட்டும்டி. நான் இன்னா, அவன் வாயிலயா வெச்சேன்?"

இதையெல்லாம் உன்னிடம் சொல்வதால் எனக்குக் கடவுள்மேல் விசுவாசம் வந்துவிட்டதென்று சந்தோஷப்படாதே. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். ஜெனி எப்போது, எதற்குக் கூப்பிட்டாலும், "எனக்கென்ன தெரியும்" என்று ஒதுங்காமல் போய் நிற்பேன்.

உன் தங்கை, உன் மகளுக்குச் சித்தி,
எஸ்தர்

ஞாயிறு மாலை சேர்த்தது:

போதகர் அவன் தலையில் தண்ணீர் ஊற்றியதும் வீறிட்டான். ஜெனி அவனைக் கடைசி பெஞ்சுக்குத் தூக்கிவந்து, முந்தானையை மூடிக்கொண்டு, ஒற்றைக் கையால் ஹூக்கைக் கழற்றினாள். பட்டை நின்றது. அவன் மட்டும் முகத்தைத் திருப்பித் திருப்பி அழுதான். மார்த்தா அம்மாவின் கை பைக்குள் போனது. "இருங்க அத்தை" என்றாள் ஜெனி. பிறகு அழுகை நின்றது. பிரசங்கம் முழுக்கக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். புட்டி திறக்காமலே பாரிவாக்கம் திரும்பியது.