நான் தொடாத போல்ட்

இன்று மதியம் இரண்டாவது ப்ளோயரின் அருகே குந்தி உட்கார்ந்து, ஒரு ரப்பர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு அட்டை தடிமனில் இருக்க வேண்டியது, அப்பளமாக நசுங்கியிருந்தது. நீ இருந்திருந்தால் உன் மூக்குக்கு நேராக நீட்டியிருப்பேன். நீ போன பிறகா இது என் கையில் கிடைக்க வேண்டும்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் இரும்பு வார்ப்பு பவுண்டரிக்கு அந்த சென்சார் பெட்டி வந்த நாளிலிருந்தே உனக்கு அதைக் கண்டால் ஆகாது. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. மோட்டாரின் அதிர்விலிருந்தே தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொண்டு, மோட்டார் எவ்வளவு சுடுகிறது, எவ்வளவு ஆடுகிறது என்று போனுக்குச் சொல்லும் என்றார்கள். தூசி இழுக்கும் ப்ளோயரில் அதை மாட்டி, சோதனைக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். நீ இடுப்பில் கை வைத்தபடி அதைச் சுற்றி வந்தாய்.

"மிஷின் ஆடுனாதான் இதுக்குச் சோறு. அப்போ மிஷின் நல்லா இருக்கணும்னு இது நெனைக்குமா மாமே?"

"பொட்டி எங்கடா நெனைக்கும்?"

"பொட்டி நெனைக்காது. அத்த வச்சிகினு பேர் வாங்கப் பாக்குறவன் நெனைப்பான்."

என்னைத்தான் சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

நாம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த ப்ளோயர் அது, ஆட்டமே இல்லை. பெட்டி பட்டினி கிடந்தது. "என்னப்பா, உன் பெட்டி வாய் திறந்துச்சா?" என்று மேனேஜர் தினமும் குத்தினார். பிறகு ஒருநாள் காலையில் போனில் மளமளவென்று தகவல் வந்து விழுந்தது. நான் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டேன். நீ டீயைத் தொடாமல், என்னிடம் கூண்டுச் சாவியை வாங்கிக்கொண்டு ஸ்பேனரோடு ப்ளோயருக்குப் போனாய். மோட்டாரைத் தரையோடு பிடித்திருக்கும் பவுண்டேஷன் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது. நீ அதை இறுக்கினாய், என் போன் அடங்கிவிட்டது. ப்ளோயரைச் சுற்றியிருந்த அந்தக் கம்பிக்கூண்டுக்கு என்னிடம் மட்டும்தான் சாவி.

"நல்ல மிஷின லூஸ் பண்ணி பொட்டிக்குத் தீனி போட்டுகீற. இன்னாடா இது?"

என் பெண் மேல் சத்தியம் செய்தேன். அதன் பிறகு நான் இறுக்கிய போல்ட் ஒவ்வொன்றையும், பின்னாலேயே வந்து நீயும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தாய். ஒரே டப்பாவில் சாப்பிட்டவன் அப்படிச் செய்தால் எப்படி வலிக்கும் என்று உனக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது மறுபடியும் சொன்னேன், அந்த போல்ட்டை நான் தொடவில்லை என்று.

"சரி, வுடு மாமே" என்றாய்.

நம்பிச் சொன்னாயா, மன்னித்துச் சொன்னாயா? செய்யாத காரியத்துக்கு எனக்கு எதற்கடா மன்னிப்பு?

இன்று, இதே மாதிரிப் பெட்டி மாட்டியிருந்த இரண்டாவது ப்ளோயரில் அதே கதை. யாரும் கிட்டப் போகாமலே போல்ட் தளர்ந்திருந்தது. இந்த முறை முழுவதும் கழற்றினேன். மோட்டாரில் துளை போடக்கூடாது என்பதால், பெட்டியைத் தாங்கும் தகட்டை அந்த போல்ட்டுக்கு அடியிலேயே சொருகி, பெயின்ட் உரியாமல் இருக்க ரப்பரும் வைத்திருக்கிறார்கள். அதிர அதிர ரப்பர் நசுங்கி, போல்ட் தானாகத் தளர்ந்திருக்கிறது. அன்றும் இதே தகடு, இதே ரப்பர்தான். கழற்றிப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை. உனக்கு என் மேல் சந்தேகம், எனக்கு உன் மேல் கோபம்.

வேலை முடிந்ததும் நேராகக் கொரட்டூரில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரு அன்னிக்கே சொல்லிச்சுண்ணா, 'அவன் பண்ணிருக்க மாட்டான்'னு."

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே நீ சொன்னாயா? இல்லை, நான் தவிப்பதைப் பார்த்து அவளாகச் சொன்னாளா? நம்பிவிட வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் உன்னோடு இத்தனை காலம் வேலை பார்த்தவனுக்கு, யார் சொன்னாலும் சட்டென்று நம்ப வரமாட்டேன் என்கிறது.